ஆளுக்கேற்ற மட்டை

தோட்டக்காரனின் முதுகைக் காப்பது அவன் மண்வெட்டியின் பிடியாகும். எமது அல்லைப்பிட்டியில் பிடி போட வருபவரைத் தச்சர் முதலில் நேரே நிற்கச் செய்து உயரம் பார்ப்பார். நெடியவருக்குக் குட்டைப் பிடி வாய்த்தால் இடுப்பு நோகுமன்றோ?

1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து இப்போது கனடாவில் வாழும் என் தம்பி, கொல்ஃப் மட்டைகளைத் தன் உடலளவுக்குச் செய்விக்கப்போவதாகத் தொலைபேசியில் கூறினான். நிலத்திலிருந்து மணிக்கட்டு வரையுள்ள உயரத்தை அளப்பார்களாம். கைக்கேற்பப் பிடியின் பருமனைத் தேர்வார்களாம். வேகமாக வீசுபவருக்கு விறைப்பான தண்டு. மெதுவாக வீசுபவருக்கு வளைந்து கொடுக்கும் தண்டு. விதிப்படி ஒருவர் 14 மட்டைகள் வரை வைத்திருக்கலாம் என்பதால் செலவும் சிறிதன்று.

"அன்றைக்கு இளைஞனைப்போல் ஓங்கி அடித்துக் காட்டவேண்டும், அண்ணை" என்றான். அவனுக்கு வயது 62. வலத்தோளில் நாட்பட்ட நோவு. மனைவியை இழந்தபின் அவனுக்குத் தோழமை தந்தது அந்த விளையாட்டுத் திடலே.

"வேண்டாம், தம்பி. ஒருநாள் வேகத்துக்கு விறைத்த தண்டைத் தந்துவிடுவார்கள். நாளாந்தம் வருந்துவது உன் தோள்தான். பழைய மட்டைகளையும் வழக்கமான சப்பாத்தையும் கொண்டு போ. சிறிது கைகால்களை அசைத்து உடலைச் சூடாக்கிக்கொள். பின்பு வழக்கம்போலவே வீசு. தோள்நோவை முதலிலேயே சொல்லிவிடு" என்றேன்.

மறுமுனையில் சற்று மௌனம். பின், "சொல்கிறேன்" என்றான்.

அளப்பவரிடம் மறைத்த குறை, அளந்து செய்த கருவியில் வெளிப்பட்டே தீரும். மாணவர்களே, விளங்காத பாடத்தை ஆசிரியரிடம் விளங்கியதாகக் காட்டுவதும் இத்தகையதே.