சாவது புழு மட்டும்தானா?

கொசுப்புழு செத்துவிட்டது என்று சொல்வது லேசான காரியமில்லை. மருந்து கலந்த கிண்ணத்தின் அடியில் அசைவற்றுக் கிடக்கும். கழுத்துப் பக்கம் ஊசிமுனையால் மெல்லத் தொட்டால் சடாரென்று வளைந்து மேலே ஓடும். இன்னும் சில, தொட்டால் துடிக்கும், ஆனால் மூச்சு வாங்க நீர்ப்பரப்புக்கு ஏற முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறைப்படி இவற்றையும் செத்தவற்றோடுதான் சேர்க்க வேண்டும். கிண்ணத்துக்கு 25 புழுக்கள், 24 மணி நேரம். மருந்தில்லாத கண்ட்ரோல் கிண்ணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் அந்தச் சோதனை கணக்கில் வராது.

கண்ட்ரோல் என்றால் வெறும் தண்ணீர் போதாது. நாங்கள் சோதிக்கும் மூலிகைச் சாறு தண்ணீரில் தானாகக் கரையாது என்பதால் அசிட்டோனிலோ மெத்தனாலிலோ கரைத்துத்தான் ஊற்றுகிறோம். அதே கரைப்பானை அதே அளவில் கண்ட்ரோலிலும் விட வேண்டும். இல்லையென்றால் கொன்றது இலையா, அசிட்டோனா என்று யாருக்கும் தெரியாது. ஒரே நொச்சி இலை ஹெக்சேனில் இறங்கினால் ஒரு சாறு, மெத்தனாலில் இறங்கினால் வேறு சாறு. ஆகவே "நொச்சி கொசுப்புழுவைக் கொல்லும்" என்று மொட்டையாக எழுதியிருப்பதைப் படிக்கும்போது எனக்கு ஒட்டுவதில்லை.

புழுக்களில் பாதியைக் கொல்லும் அளவைத்தான் எல்.சி.50 என்கிறோம். அந்த எண் சிறியதாக வந்துவிட்டால் பெரும்பாலான ஆய்வேடுகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. நான் கேட்க விரும்புவது அதற்கு அடுத்த கேள்வி: சாறு புழுவின் உடலில் எந்த இடத்தில் அடிக்கிறது?

சீத்தாப்பழக் கொட்டையை எடுத்துக்கொள்வோம். பேனுக்கு அரைத்துத் தலையில் பூசுவது ஊரறிந்த வழக்கம். அந்த விழுது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும் என்பது கண் மருத்துவர்களுக்குத் தெரியும். கொசுப்புழுவையும் மிகக் குறைந்த அளவிலேயே கொல்கிறது. காரணம், அதிலுள்ள அசிட்டோஜெனின்கள் உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கண்ணியையே அடைத்துவிடுகின்றன. மீனுக்கும் தவளைக் குஞ்சுக்கும் நமக்கும் அதே கண்ணிதான். மீன்பிடிக்க ஆற்றில் கலக்கும் டெரிஸ் வேரின் ரோட்டினோனும் அங்கேதான் அடிக்கிறது. சீத்தாக் கொட்டையின் வீரியமும் அதன் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருபவை. செடியிலிருந்து வந்ததால் அது சாதுவாகிவிடாது.

வேம்பு வேறு வழியில் போகிறது. அதன் அசாடிராக்டின் பூச்சிகள் தோலுரிப்பதற்கான ஹார்மோனைக் குலைக்கிறது. மீனுக்குத் தோலுரிப்பு கிடையாது. புழு உடனே சாகாது. நான்காம் பருவத்திலேயே நாள்கணக்காகத் தங்கிவிடும், அல்லது பழைய தோலில் பாதி மாட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாக முடியாமல் மடியும். 24 மணி நேரத்தில் எண்ணி முடித்துவிட்டால் வேம்பு தோற்றதாகத்தான் கணக்கு வரும். கிண்ணத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பவருக்கே அதன் வேலை தெரியும். அதற்காக வேப்பெண்ணெயைக் குடிக்கலாம் என்று பொருளில்லை. கைக்குழந்தைகளுக்கு அதைப் புகட்டியதால் நேர்ந்த நஞ்சேற்றத்தைப் பற்றி 1981-இல் லான்செட் இதழிலேயே மலேசியாவிலிருந்து எழுதியிருக்கிறார்கள்.

அதனால் எங்கள் மேசையில் புழுக்கிண்ணங்களுக்குப் பக்கத்திலேயே கப்பி மீனும் டாப்னியா என்ற நீர்த்தெள்ளும் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். புழுவைத் தின்னும் மீனையும் தட்டான் குஞ்சையும் கொன்றுவிட்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் அந்தக் குட்டையில் முதலில் திரும்பி வருவது கொசுதான். மீனின் எல்.சி.50-ஐப் புழுவின் எல்.சி.50-ஆல் வகுத்துப் பார்க்காமல் ஒரு சாற்றைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது பெரும்பாலும் வீட்டுத் தண்ணீரில்: குடத்தில், தொட்டியில், டிரம்மில். குடிக்கிற, சமைக்கிற தண்ணீர் அது. கொசுப்புழு மருந்தான டெமிபாஸைக் குடிநீரில் விடுவதற்குக்கூட லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். பாலூட்டிகளில் நஞ்சுச் சோதனையே நடக்காத ஓர் இலைச்சாற்றுக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. "மூலிகைதானே சார், தொட்டியில் ஊற்றலாமா?" என்று கேட்பவர்களிடம் கூடாது என்றே சொல்கிறேன். தொட்டிக்குச் செய்ய வேண்டியது வேறு. ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். சாறுகளுக்கான இடம் பழைய டயரிலும் சாக்கடையிலும் இருக்கிறது. அங்கே வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடுகிறது. அதை எப்படிக் காப்பது என்பதில்தான் இப்போது எங்கள் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது.