அமைச்சர் விலகினார், கோப்பு என்ன ஆயிற்று?

2023 ஆம் ஆண்டு யூலை மாதம் 24 ஆம் திகதி, திங்கட்கிழமை காலை, நியூசிலாந்தின் நீதியமைச்சர் கிரி அலன் தமது அமைச்சுப் பொறுப்புகள் அனைத்தையும் துறந்தார். முன்னிரவு வெலிங்டன் நகரில் அவர் செலுத்திச் சென்ற வாகனம், வீதியோரம் நிறுத்தப்பட்டிருந்த காரொன்றுடன் மோதியது. பொலிசார் அவரை ஏறக்குறைய நான்கு மணி நேரம் நிலையத்தில் வைத்திருந்தனர். கவனயீனமாக வாகனம் செலுத்தியமை, பொலிஸ் உத்தியோகத்தருடன் செல்ல மறுத்தமை என இரண்டு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. நீதியமைச்சர் ஒருவர் குற்றச்சாட்டுக்கு முகங்கொடுத்தபடி அப்பதவியில் நீடிக்க இயலாது என்பது பிரதமர் கிறிஸ் ஹிப்கின்ஸின் நிலைப்பாடு. அமைச்சரும் அதனை ஏற்றுக்கொண்டார். ஓர் இரவுக்குள் காரியம் முடிந்துவிட்டது.

அதே நாட்களில், உலகெங்கும் சிதறி வாழும் எம்மவர் கறுப்பு யூலையின் நாற்பதாவது ஆண்டை நினைவுகூர்ந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தனர். 1983 யூலை 25 ஆம் திகதியும் 27 ஆம் திகதியும் கொழும்பு வெலிக்கடைச் சிறைச்சாலையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வீதியில் அகப்பட்டவர்கள் அல்லர். பூட்டிய கதவுகளுக்கு உள்ளே, அரசின் காவலில் இருந்தவர்கள். முதல்நாட் படுகொலையின் பின் ஒருநாள் இடைவெளி இருந்தும் இரண்டாம் படுகொலை தடுக்கப்படவில்லை. அதற்காக எந்த அமைச்சரும் பதவி துறக்கவில்லை. எவரும் தண்டிக்கப்படவும் இல்லை.

காரொன்று மோதுண்டதையும் 53 உயிர்கள் பறிக்கப்பட்டதையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க நாம் முனையவில்லை. ஆயினும் ஆல்பனியில் வாழும் எம்மிடையே அவ்வாரம் முழுவதும் பேச்சு இவ்விரண்டையும் சுற்றியே நடந்தது. "உதல்லோ நாடு!" என்று வியந்தார் எம்மிடையே மூத்தவர் ஒருவர். அவருடைய பேர்த்தி உடன்படவில்லை. "அம்மப்பா, அவ சில கிழமைக்கு முன்னந்தான் மனச்சுகமில்லாமல் லீவில நிண்டவ. உதில சந்தோசப்பட என்ன கிடக்கு?" என்று அவள் கேட்டாள். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு மனிதரின் வீழ்ச்சியைக் கண்டு மகிழ்வது பண்பன்று. ஆனால், சட்டத்தைக் காக்கும் கதிரையில் இருப்பவரையும் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்ற நிலை, எம்மைப் போன்றோருக்குச் சிறிய விடயமும் அன்று.

இந்நாட்டு நீதியமைச்சு இத்தகைய புயலைக் கண்டது அது முதன்முறையன்று. 2014 ஆம் ஆண்டில் நீதியமைச்சராக இருந்த ஜூடித் கொலின்ஸ், அதற்கு முந்திய ஒக்டோபரில் சீனாவுக்கு உத்தியோகபூர்வமாகச் சென்றிருந்தார். அப்பயணத்தின்போது தம் கணவர் இயக்குநராக இருந்த ஒராவிடா நிறுவனத்துக்கு அவர் சென்றமை பெருஞ் சர்ச்சையாயிற்று. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு குவளை பால் அருந்தவே இறங்கியதாக அவர் கூறிய விளக்கம் நாடெங்கும் நகைப்புக்குள்ளானது. எதிர்க்கட்சிகள் பதவி விலகக் கோரின, அவர் விலகவில்லை. பின்னர் ஓகஸ்ட் மாதத்தில் பழைய மின்னஞ்சல் ஒன்று வெளிப்பட்டது. பாரிய மோசடிகளை விசாரிக்கும் அலுவலகத்தின் தலைவராக இருந்த அடம் ஃபீலியைப் பதவியிலிருந்து வீழ்த்த அமைச்சர் முனைகிறார் என்ற பொருள்பட, வலைப்பதிவர் கமரன் ஸ்லேட்டர் 2011 இல் எழுதியது அது. அவ்வலுவலகம் அப்போது அதே அமைச்சரின் பொறுப்பில் இருந்தது. பொதுத் தேர்தலுக்கு மூன்று வாரங்களே இருக்க, ஓகஸ்ட் 30 ஆம் திகதி கொலின்ஸ் பதவி விலகினார்.

இதில் எம்மவர் கவனிக்கவேண்டியது அதன் பின் நடந்தது. தாம் தவறேதும் செய்யவில்லை என்று கூறிக்கொண்டே அவர் விலகினார். விசாரணையையும் தாமே கோரினார். உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி லெஸ்டர் சிஷம் விசாரித்தார். அந்த அலுவலகத் தலைவருக்கு எதிராக அமைச்சர் முறைகேடாக நடந்தமைக்குச் சான்றில்லை என்று அவ்வாண்டு நவம்பரில் முடிவு வெளியாயிற்று. 2015 டிசம்பரில் கொலின்ஸ் அமைச்சரவைக்குத் திரும்பினார். 2023 நவம்பரில் சட்டமா அதிபராகவும் நியமனம் பெற்றார். அவருடைய அரசியல் எமக்கு உவப்போ இல்லையோ, அது வேறு கதை. கதிரையை விட்டு எழுந்து நின்று விசாரணைக்கு முகங்கொடுத்தவர் மீண்டும் வந்து அமர முடியும் என்பதை இந்நாடு காட்டிற்று. பதவி விலகினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நாம் கேட்டுப் பழகிய வாதம் இங்கே எடுபடவில்லை.

இவ்வளவும் சொன்னபின், எம் நெஞ்சைச் சுடுகின்ற இன்னொரு விலகலையும் சொல்லியாகவேண்டும். அது நீதியமைச்சில் நிகழவில்லை. குடிவரவு அமைச்சில் நிகழ்ந்தது. ஏதிலிகளாகிய எமக்கு அவ்விரண்டும் ஒரே வீட்டின் இரு வாசல்கள்.

2004 ஆம் ஆண்டு பெப்ரவரி. இலங்கையைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி, தான் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறி இந்நாட்டில் தஞ்சம் கோரியிருந்தாள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டு அவள் நாடு கடத்தப்பட்டாள். அம்முடிவைக் குறித்து நாடெங்கும் வாதம் எழுந்த வேளையில், அவளுடைய கோரிக்கையோடு தொடர்புடைய ஆவணமொன்று தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அது எவ்வாறு வெளியே சென்றது என்ற கேள்விக்குக் குடிவரவு அமைச்சர் லியான் டல்சீல் முதலில் நேரான விடை கூறவில்லை. பின்னர், தம் தரப்பிலிருந்தே அது கொடுக்கப்பட்டது என்பதை ஒப்புக்கொண்டு அமைச்சுப் பதவியைத் துறந்தார். பிரதமர் ஹெலன் கிளார்க் விலகலை ஏற்றார். போல் சுவெயின் புதிய குடிவரவு அமைச்சரானார்.

அமைச்சர் எதற்காக விலகினார் என்பதை நாம் நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும். சிறுமியைத் திருப்பி அனுப்பியதற்காக அவர் விலகவில்லை. ஆவணத்தை வெளியிட்டு, அதை மறைத்ததற்காகவே விலகினார். அவருடைய பொய்க்கு அவர் விலை கொடுத்தார். சிறுமியைப் பற்றிய முடிவு அதனால் மாறவில்லை. ஓராண்டு நிறையுமுன் டல்சீல் அமைச்சரவைக்குத் திரும்பினார். 2013 முதல் 2022 வரை கிறைஸ்ட்சேர்ச் மாநகர முதல்வராகவும் இருந்தார். சிறுமிக்கு அத்தகைய திரும்பி வரும் வழி இருக்கவில்லை.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் தீர்ப்புப் பிழைத்தது கண்டு அரியணையிலேயே உயிர் துறந்தான் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த கதை. அரசனின் நேர்மையை மெச்சியே ஆசிரியர்கள் அதை எமக்குக் கற்பித்தார்கள். அரசன் இறந்ததால் கோவலன் எழுந்து வந்து வீடு திரும்பவில்லை என்பதை மட்டும் வகுப்பறையில் எவரும் அழுத்திச் சொல்லவில்லை.

எம்மவர் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பு உண்டு. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டையின் பிரதி, கிராம சேவையாளரின் கடிதம், காணாமற்போனவரின் ஒளிப்படம், மொழிபெயர்ப்பாளரின் முத்திரை பதித்த தாள்கள், எல்லாவற்றுக்கும் மேலாக நாம் கொடுத்த வாக்குமூலம். தாயிடமும் சொல்லாதவற்றை, கணவனிடமும் சொல்லாதவற்றை, முன்பின் அறியாத உத்தியோகத்தர் முன்னிலையில் சொல்லியிருக்கிறோம். இது வெளியே போகாது என்ற ஓர் உறுதியை நம்பியே சொன்னோம். தஞ்சக் கோரிக்கையாளரின் விபரங்களை இரகசியமாகப் பேணவேண்டும் என்று 2009 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் 151 ஆம் பிரிவு கூறுகின்றது. 2004 இல் உடைந்தது ஓர் அமைச்சரின் பெயர் மட்டுமன்று. எம்மவரை வாய் திறக்கச் செய்த அந்த உறுதியும் அன்று விரிசல் கண்டது.

ஆகவேதான் நீதியமைச்சில் எழும் அவதூறுகளை எட்ட நின்று வேடிக்கை பார்க்க எமக்கு இயலாது. தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீட்டைக் கேட்பது குடிவரவு மற்றும் பாதுகாப்பு நியாயசபை. 2010 இல் அமைக்கப்பட்ட அச்சபைக்கு நிருவாக உதவி வழங்குவது நீதியமைச்சே. காசில்லாதவருக்குச் சட்டத்தரணி அமர்த்தித் தரும் சட்ட உதவியும் அவ்வமைச்சின் கையில்தான் இருக்கின்றது. எமது ஆவணப் பிரதிகளில் கையொப்பமிட்டுத் தரும் சமாதான நீதவான்களும் நீதியமைச்சரின் பரிந்துரையின் பேரிலேயே நியமனம் பெறுகின்றனர். ஒரு சதமும் வாங்காமல், எமது பெயர்களின் நீளத்தைக் கண்டு புன்னகைத்தபடி, ஒவ்வொரு தாளிலும் பொறுமையாக ஒப்பமிடும் அந்த முதியவர்களை நாம் அறிவோம். அமைச்சின் உச்சியில் ஓட்டை விழுந்தால் ஒழுக்கு எமது கோப்பின் மீதுதான் விழும்.

ஏதிலியின் தேவையை ஆதாயமாக்கிய ஒருவரின் கதையும் இந்நாட்டில் உண்டு. மாங்கரே தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினராகவும், அமைச்சரவைக்கு வெளியே ஓர் அமைச்சராகவும் இருந்தவர் டைட்டோ பிலிப் ஃபீல்ட். தாய்லாந்து நாட்டவர் சிலரின் குடிவரவு அலுவல்களுக்கு அவர் உதவினார். அவர்கள் அவருடைய வீடுகளில் ஓடு பதித்தும் வர்ணம் பூசியும் வேலை செய்து கொடுத்தனர். விடயம் 2005 இல் வெளிப்பட்டது. அவர் விலகவில்லை. 2009 இல் இலஞ்சக் குற்றவாளியாகக் காணப்பட்டு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நான்கு ஆண்டுகள் சென்றன. ஆனாலும் வழக்கு நடந்து முடிந்தது. விசாவுக்காகக் காத்திருப்பவரிடம் கூலியில்லா வேலை வாங்குவதும் இலஞ்சமே என்று இந்நாட்டு நீதிமன்றம் சொல்லிற்று. இதை எம்மவர் மறவாதிருத்தல் நன்று. எம்மிடம் அவ்வாறு எவரேனும் கேட்டால் 'உதவிக்கு உதவி' என்று தலையாட்டவேண்டிய கட்டாயம் இல்லை.

தாயகத்தில் நிலைமை தலைகீழ். அங்கே அமைச்சர்கள் இருக்க, நீதிபதிகளே போகின்றனர். 2013 சனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பாராளுமன்றக் குற்றப்பிரேரணையின் மூலம் அகற்றப்பட்டார். ஆட்சி மாறியபின் 2015 சனவரியில் அவ்வகற்றல் செல்லாது எனப்பட்டு, மீண்டும் பதவியேற்று மறுநாளே ஓய்வுபெற்றார். கிரி அலன் விலகி இரண்டு மாதங்கள் கழிந்த நிலையில், 2023 செப்டெம்பரில், குருந்தூர்மலை வழக்கில் கட்டளைகள் பிறப்பித்த முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி ரி. சரவணராஜா, தமக்கு உயிரச்சுறுத்தல் உள்ளதாகக் கூறிப் பதவி விலகி நாட்டை விட்டு வெளியேறினார். அவரைப் பாராளுமன்றத்திலேயே ஓர் உறுப்பினர் தாக்கிப் பேசியிருந்தார். வடக்கின் சட்டத்தரணிகள் பணியைப் புறக்கணித்து வீதிக்கு வந்தார்கள். நீதி வழங்கும் ஆசனத்தில் இருந்தவரும் எம்மைப் போலவே கடவுச்சீட்டுடன் புறப்படவேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு எமது முற்றத்தைப் பாராது விடலாகாது. புலம்பெயர்ந்த எமது சங்கங்களில் கணக்கறிக்கை கேட்டவரைக் 'குழப்பவாதி' என்று பெயர் சூட்டி ஓரங்கட்டிய ஆண்டுப் பொதுக்கூட்டங்களை நாம் கண்டிருக்கிறோம். பற்றுச்சீட்டு எங்கே என்ற கேள்விக்கு, "என்னில நம்பிக்கை இல்லையோ?" என்ற மறுமொழி வந்ததையும் கேட்டிருக்கிறோம். 2022 ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டம், நிருவாகிகள் தம் சொந்த நலன் கலந்த விடயங்களை வெளிப்படுத்தவேண்டும் என்கின்றது. பிணக்குகளைத் தீர்க்கும் முறை யாப்பில் இருக்கவேண்டும் என்கின்றது. அச்சட்டத்தைப் படித்துக் காட்ட எமது பிள்ளைகள் இருக்கின்றார்கள். அமைச்சரிடம் நாம் எதிர்பார்ப்பதை எமது பொருளாளரிடம் எதிர்பார்ப்பது அவமதிப்பாகாது.

அன்பர்களே, குடியுரிமை பெறாவிடினும் நிரந்தர வதிவிட உரிமையுடன் இந்நாட்டில் ஓராண்டு தொடர்ந்து வாழ்ந்த, 18 வயதை அடைந்தவர் இங்கு வாக்களிக்கலாம். 1982 ஆம் ஆண்டின் உத்தியோகபூர்வத் தகவற் சட்டத்தின்படி, இந்நாட்டில் வாழும் எவரும் அமைச்சரிடம் எழுத்தில் கேள்வி கேட்கலாம். இருபது வேலைநாட்களுக்குள் மறுமொழி தரப்படவேண்டும். மறுமொழி திருப்தியில்லை எனின் ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமும் இல்லை.

இனியொரு நாள் இன்னோர் அமைச்சர் விலகுவார். தொலைக்காட்சியில் அவர் முகம் வரும், எதிர்க்கட்சியினர் பேசுவர், மறுவாரம் புதியவர் பதவியேற்பார். அப்போது, "அவர் போய்விட்டார், நல்லது. அவருடைய மேசையில் கிடந்த கோப்புகளின் கதி என்ன?" என்று கேட்டு ஒரு கடிதமாவது ஆல்பனியிலிருந்து போகட்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுக்க நாம் இருக்கிறோம்.