குளிரை வேண்டும் மலர்

கலிபோர்னியாவின் தென்கோடியில், சான் டியாகோ நகரில், என் மகள் வீட்டுத் தோட்டம் மிகச் சிறியது. ஓர் எலுமிச்சை, ஒரு மாதுளை, வேலியோரம் ஒரு மல்லிகைக் கொடி, அவ்வளவுதான். அங்கே துலிப் மலரையும் காண வேண்டுமென விரும்பியவள் என் மனைவி.

இஸ்தான்புல் நகரின் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலில், சுவரோடுகளில் தீட்டப்பட்ட துலிப்புகளைக் கண்ட நாளில் பிறந்த ஆசை அது. துருக்கியர் அம்மலரை 'லாலே' என்பர். அரபு எழுத்தில் வரைந்தால், 'அல்லாஹ்' என்னும் திருநாமத்தின் எழுத்துக்களே இடம் மாறி அச்சொல்லில் அமைந்திருக்கும். அதை அறிந்தபின் அவளுக்கு அம்மலர்மீது தனியன்பு உண்டாயிற்று.

முதலாண்டு, வெங்காயம் போன்ற அதன் கிழங்குகளை வாங்கிய கையோடு அக்டோபரிலேயே மண்ணில் புதைத்தோம். இலைகள் தழைத்தன. பூக்களோ தண்டு நீளாமல், இலைகளின் அடியிலேயே குறுகி விரிந்து வாடின. பிறகுதான் காரணம் விளங்கிற்று. நடு ஆசியாவின் மலைச்சரிவுகள் துலிப்பின் தாயகம். கோடையிலேயே கிழங்கினுள் பூவின் கரு உருவாகிவிடுகிறது. ஆயினும், பல வாரங்கள் குளிரில் கிடந்த பின்னரே தண்டு நன்கு நீண்டு அப்பூவை உயர்த்திக் காட்டும். சான் டியாகோவின் இளங்குளிர் அதற்குப் போதாது.

மறு ஆண்டு, குளிர்சாதனப் பெட்டியில் கிழங்குகளை வைத்து, பின்னர் நட்டோம். ஒன்றுகூடப் பூக்கவில்லை. அதே பெட்டியில் ஆப்பிள்களை அடுக்கியவன் நான். பழுத்த பழங்கள் வெளியிடும் எத்திலீன் என்னும் வாயு, கிழங்கினுள் உறங்கும் மொட்டை மாய்த்துவிடும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

"விடுங்க, அடுத்த வருஷம் பூக்கும்" என்றாள் அவள். அந்த அடுத்த ஆண்டு அவளுக்கு வாய்க்கவில்லை. கோடையில் அவள் வஃபாத்தானாள்.

இலையுதிர் காலம் வந்தபோது, "வாப்பா, இந்த வருஷமும் வாங்கவா?" என்று மகள் கேட்டாள். என்னால் விடை கூற இயலவில்லை. அவளே 20 கிழங்குகள் வாங்கி வந்தாள். காகிதப் பையிலிட்டு, பழம் எதுவும் இல்லாத பெட்டியில் 12 வாரங்கள் வைத்திருந்தோம். ஜனவரித் தொடக்கத்தில், கூர்முனை மேல்நோக்க, 6 அங்குல ஆழத்தில் நட்டோம். மார்ச் மாதத்தில் செந்நிறத் துலிப்புகள் நிமிர்ந்து நின்றன. எண்ணிப் பார்த்தேன்; 17 இருந்தன. அவள் நின்று பார்த்திருக்க வேண்டிய இடத்தில் நான் மட்டும் நின்றேன்.

ஒரு வாரத்திற்குச் சற்று மேல் அவை நிலைத்தன. இம்மண்ணில் அதே கிழங்கு மறு ஆண்டும் பூக்கும் என நம்புவதற்கில்லை. ஆண்டுதோறும் புதிதாக வாங்கத்தான் வேண்டும். சில நாள் பூவுக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் விடை சொல்வதில்லை.

இவ்வாண்டும் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் காகிதப் பை இருக்கிறது. அது வெளியே வரும்வரை எங்கள் வீட்டில் பழங்களுக்கு இடம் மேசைமீதுதான். பேரப்பிள்ளைகளும் பழகிவிட்டார்கள்.