பதினொரு பெயர்கள்

லிந்துலைக் கடைத்தெருவில் கிரிக்கெட் பற்றி எல்லோரும் பேசுவார்கள். உதைபந்தாட்டம் பற்றிப் பேசுவோர் கொஞ்சப் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சப் பேர் பேசத் தொடங்கினால் கடை மூடும்வரை எழும்ப மாட்டார்கள். இலங்கை அணி வென்றுவிடும் என்ற நம்பிக்கையினால் அல்ல. 2019 இல் பீபா தரவரிசையில் இருநூறைத் தாண்டிய இடத்தில் நின்ற அணி அது. 1995 இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தது, 2006 இல் டாக்காவில் ஆசிய சவால் கிண்ண இறுதியாட்டம்வரை போனது - இவ்விரண்டையும் விட்டால் பெருமை பேச அதிகம் இல்லை. ஆனால் தோற்கும் அணியைப் பற்றித்தான் நிறைய விவாதிக்கலாம். யாரைப் போட்டிருந்தால் வென்றிருக்கலாம் என்ற கேள்விக்கு முடிவே கிடையாது.

இந்த விவாதப் பழக்கம் எங்களுக்குத் தோட்டத்து மைதானங்களிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். தோட்டத்து மைதானம் என்பது மலையை வெட்டி எடுத்த ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைக்குள் போகும். இன்னும் பலமாக அடித்தால் ஓடைவரை உருளும். எடுக்கப் போனவன் திரும்பி வரும்வரை ஆட்டம் நிற்கும். அந்த இடைவெளியில் எல்லாரும் குந்திக்கொண்டு, யாரை முன்னுக்கு அனுப்புவது, யாரைப் பின்னுக்கு இழுப்பது என்று பேசுவார்கள். ஐந்து நிமிடம் ஆட்டம், பத்து நிமிடம் பேச்சு. ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்த விளையாட்டு முகாமைத்துவத்தை விட அந்தப் பேச்சில் விடயம் கூட.

2019 ஜூன் மாதத்தில் இந்தக் கூட்டத்துக்கு ஒரு பெரிய வேலை வந்தது. 2022 உலகக் கிண்ணத்துக்கான ஆசியத் தகுதிகாண் போட்டியின் முதற் சுற்றில் இலங்கைக்கும் மக்காவுக்கும் இரண்டு ஆட்டங்கள். வென்றால் தென்கொரியா, வடகொரியா, லெபனான் போன்ற அணிகளோடு ஆடும் அடுத்த சுற்று. தோற்றால் உலகக் கிண்ணப் பாதை அத்தோடு சரி. போட்டி நிரலை ஒரு பையன் கைபேசியில் பார்த்து உரக்க வாசித்தபோது, மூலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஹாஜியார் நிமிர்ந்து, "மக்காவோடயா மெட்ச்? அங்க டீம் எப்ப வந்திச்சு?" என்று கேட்டார். சீனக் கரையிலுள்ள, ஒரு காலத்தில் போர்த்துக்கேயரிடம் இருந்த மக்காவு என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த நாட்களில் சிரிப்பு அபூர்வமாக இருந்தபடியால் இது எனக்கு நினைவிருக்கிறது.

அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தாக்குதல். பின்னர் அவசரகாலச் சட்டம், முகத்தை மூடும் ஆடைக்குத் தடை, மே மாதம் குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டமை. ஜூன் 3 ஆம் திகதி முஸ்லிம் அமைச்சர்கள் பதவி விலகினார்கள். நோன்பு முழுவதும் இப்படியே போய், ஜூன் 5 இல் பெருநாள் வந்தது. பெருநாளுக்கு மறுநாள் சீனாவின் சூஹாயில் முதலாவது ஆட்டம். மக்காவு 1, இலங்கை 0.

பெரும் மாற்றம் எங்கள் ஊரில் வெளியே தெரியும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. கடைகள் திறந்திருந்தன. தோட்டத்து மக்கள் சாமான் வாங்க வந்தார்கள். பாடசாலை வாசலில் புத்தகப் பைகளைச் சோதித்தார்கள், எல்லோருடைய பைகளையும்தான். மாறியது பேச்சுத்தான். முன்பு ரொட்டிக் கடைக்குள் வந்தவர்கள் உட்கார முன்னரே பேசத் தொடங்குவார்கள். இப்போது வந்து, தேநீர் சொல்லி, குடித்து, காசு கொடுத்துப் போனார்கள். அரசியலைப் பேச முடியாது. செய்தியைப் பேச முடியாது. விலைவாசியைப் பேசினால்கூட எங்கேயோ போய் முட்டும். பேசத்தக்கதாக இரண்டு விடயங்கள்தான் மிஞ்சியிருந்தன. ஒன்று மழை, மற்றது விளையாட்டு.

ஜூன் 7 வெள்ளிக்கிழமை இரண்டும் சேர்ந்து வந்தன. இங்கிலாந்தில் கிரிக்கெட் உலகக் கிண்ணம். பிரிஸ்டல் நகரில் இலங்கைக்கும் பாகிஸ்தானுக்கும் ஆட்டம். அஸர் தொழுதுவிட்டு நான் கடைக்குப் போனபோது தொலைக்காட்சியில் மூடிக் கிடந்த மைதானத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிரிஸ்டலிலும் மழை, லிந்துலையிலும் மழை. வெளியே போக முடியாமல் பத்துப் பன்னிரண்டு பேர் கடைக்குள் அடைபட்டிருந்தோம். ஒரு பந்தும் வீசப்படாமலே அந்த ஆட்டம் கைவிடப்பட்டது. அதற்கு முன்னரே கடையின் பேச்சு உதைபந்தாட்டத்துக்கு மாறியிருந்தது.

கொழும்பில் இரண்டாவது ஆட்டம் ஜூன் 11 இல். கணக்கைத் தோட்டத்து இளைஞன் ஒருவன் தெளிவாகச் சொன்னான். பகல் தோட்டத்தில் வேலை, மாலையில் மைதானம் என்று இருப்பவன். "நாம ஒன்னு அடிச்சா மேலதிக நேரம். ரெண்டு அடிச்சா பாஸ். ஆனா அவனுங்க இங்க வந்து ஒன்னு போட்டுட்டானுங்கன்னா நமக்கு மூணு வேணும் சேர்." எதிராளியின் மண்ணில் போட்ட கோலுக்கு அப்போது கூடிய பெறுமதி இருந்தது. ஆகவே பிரச்சினை இதுதான்: கோல் தேவை என்பதற்காக முன்களத்தில் ஆளைக் கூட்டுவதா, அல்லது ஒரு கோலும் வாங்கக் கூடாது என்பதற்காகப் பின்களத்தை இறுக்குவதா?

பஸ் சாரதி ஒருவர் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் பதினொரு பெயர்களை எழுதத் தொடங்கினார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், தலவாக்கலைப் பக்கத்தில் இளமையில் ஆடியவர். கோல் காப்பாளராக சுஜான் பெரேரா என்பதில் மறுபேச்சில்லை. கவிந்து இஷானை ஓரத்தில் விடுவதா நடுவில் விடுவதா என்பதில் கால்மணி நேரம் போனது. பின்களத்துக்கு மன்னாரின் டக்சன் பியூஸ்லஸ் வேண்டும் என்று தோட்டத்து இளைஞன் பிடிவாதமாக நின்றான். பட்டியல் வளர்ந்தது. பின்பு எல்லோருமாகப் பார்த்தபோது அதில் முஸ்லிம் பெயர்கள் நிறைய இருந்தன. அதில் புதுமை ஒன்றுமில்லை. கொழும்பிலும் களுத்துறையிலும் புத்தளத்திலும் இந்த விளையாட்டு முஸ்லிம் குடியிருப்புகளின் ஒழுங்கைகளில் வளர்ந்தது. அந்த அணிக்குப் பயிற்றுவிப்பாளராக இருந்தவரே நிசாம் பக்கீர் அலிதான். வேறு எந்த வருடமாக இருந்தாலும் இதை ஒருவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சாரதி பட்டியலைத் திரும்ப வாசித்துவிட்டு இரண்டு பெயர்களை வெட்டினார். இரண்டும் முஸ்லிம் பெயர்கள்.

கடை அமைதியானது. ரொட்டி வீசிக்கொண்டிருந்த நானாவின் கை ஒரு கணம் நின்று பின் இயங்கியது. சாரதி நிமிரவில்லை. "இவன் குட்டை. உயரப் பந்து வந்தா போச்சு. மத்தவன் ஓடிட்டுத் திரும்பி வர்றதில்ல" என்றார். அவ்வளவுதான். எந்த உதைபந்தாட்ட விவாதத்திலும் சொல்லப்படும் காரணங்கள். ஆனால் அந்தக் காரணங்கள் எங்கள் காதில் விழுந்த விதம் வேறாக இருந்தது. ஒரு பின்கள வீரனின் உயரத்தைப் பற்றிச் சொன்னதை, உயரத்தைப் பற்றிச் சொன்னதாக மட்டும் கேட்க முடியாமல் போயிருந்தது. ஏப்ரல் எங்களிடமிருந்து பறித்தவற்றில் இதுவும் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது. உயிர்களோடும் கடைகளோடும் ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் அன்றாடம் பயன்படும் பொருள். அயலவன் சொல்லும் காரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும் பழக்கம் இல்லாமல் ஒரு கடைத்தெரு நடக்காது.

அமைதியைக் கலைத்தவன் தோட்டத்து இளைஞன். அவன் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. ஒற்றுமை பற்றிப் பேசவில்லை. சண்டை பிடித்தான். "மக்காவுக்காரன் என்னா ஆறடியா அண்ணே? நேத்து கோல் எங்கேருந்து வந்திச்சுன்னு பாத்தீங்களா? குட்டையா இருந்தா என்ன, அவன் பந்த வாங்கித் திருப்புற வேகத்துக்கு உங்க லிஸ்டில வேற யாரு இருக்கா?" என்று ஆட்டம் ஆட்டமாகச் சொல்லிக்கொண்டு போனான். சாரதியும் விடவில்லை. இருவரும் மேசையில் சீனிப் போத்தலையும் கிளாசுகளையும் நகர்த்தி வைத்துச் சண்டையிட்டார்கள். கடைசியில் சாரதி பேனாவை எடுத்து, வெட்டிய இரு பெயர்களில் ஒன்றைத் திரும்ப எழுதினார். மற்றதை எழுதவில்லை. ஓடிப்போனால் திரும்பி வராதவன் என்று அவர் சொன்னது சரிதான். எனக்கும் அதே அபிப்பிராயம். நான் அதை வாய்விட்டுச் சொன்னேன். நானாவும் "அது மெய்தான்" என்றார். அதன் பிறகு கடையில் பேச்சு வழமைக்குத் திரும்பியது. இரவு எட்டு மணிவரை மழை விடவில்லை. யாரும் அவசரப்படவும் இல்லை.

அந்தப் பட்டியலுக்கு வேலை இல்லாமல் போனது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, மக்காவு உதைபந்தாட்டச் சங்கம் அணியைக் கொழும்புக்கு அனுப்ப மறுத்துவிட்டது. ஜூன் 11 இல் கொழும்பில் ஆட்டம் இல்லை. அதே தினத்தில் அதே பிரிஸ்டலில் பங்களாதேஷுடன் இருந்த கிரிக்கெட் ஆட்டமும் மழையால் ஒரு பந்தும் வீசாமல் கைவிடப்பட்டது. ஒரே நாளில் நாட்டின் இரண்டு அணிகள் மைதானத்தில் இறங்காமல் நின்றன. மக்காவின் வீரர்களோ வந்து ஆடவே விரும்பினார்கள். தங்கள் சங்கத்தின் முடிவை எதிர்த்துப் பகிரங்கமாகக் குரல் கொடுத்தார்கள். அங்கே உள்ளூர்க் கிண்ணப் போட்டியொன்றில் இரு கழகங்களின் வீரர்களும் எதிர்ப்பைக் காட்டுவதற்காக விளையாட்டாகவே கோல் மழை பொழிந்து, 21-18 என்று ஆட்டத்தை முடித்தார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது, பெயர் தெரியாத அந்த ஊர்க்காரர்கள் எங்கள் ரொட்டிக் கடைக்கு உரியவர்கள் என்று பட்டது.

ஜூன் 27 இல் பீபா தீர்ப்புச் சொன்னது. இலங்கைக்கு 3-0 வெற்றி. அடுத்த சுற்றுக்குத் தெரிவு. கடையில் யாரும் கைதட்டவில்லை. "அடிக்காத கோலுக்கு என்னத்தக் கொண்டாடுறது?" என்று சாரதி கேட்டார். வென்றோம் என்பதை விட, எங்கள் நாட்டுக்கு வர ஒரு அணி பயந்தது என்பதே மனதில் நின்றது. அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லி அதைச் செய்தவர்கள். வந்திருக்க வேண்டிய அணியை எதிர்த்து ஆடியிருக்க வேண்டிய பதினொருவரில் பலர் அதே மார்க்கத்துப் பிள்ளைகள். இரண்டு உண்மைகளும் ஒரே பற்றுச்சீட்டில் இருந்தன. செப்டம்பரில் துருக்மெனிஸ்தானும் வடகொரியாவும் பயமின்றிக் கொழும்புக்கு வந்து ஆடி வென்றுவிட்டுப் போயின. ஒக்டோபரில் தென்கொரியா 8-0 என்று அடித்தது. தோல்விதான். ஆனாலும் ஆடித் தோற்றதில் எங்களுக்குப் பேச விடயம் கிடைத்தது.

அதற்குப் பின் எத்தனையோ பட்டியல்கள் எழுதியாயிற்று. 2021 ஜூனில் லெபனானுடன் 3-2 எனத் தோற்றபோது இரண்டு கோலையும் போட்டவர் ஜேர்மனியில் வளர்ந்த அஹமட் வசீம் ராசிக். டக்சன் பியூஸ்லஸ் 2022 இல் மாலைதீவில் காலமானார். அன்று கடையில் பட்டியல் எழுதவில்லை. 2023 இல் பீபாவின் தடையால் பல மாதங்கள் அணியே இல்லாமல் இருந்தது. 2024 செப்டம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்களில் கம்போடியாவுடன் சமநிலை கண்டு பெனால்டியில் வென்றோம். 2025 ஜூனில் சீன தாய்பேயை 3-1 என வென்றோம். இப்போது விவாதம் வேறு திசையில். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்களை எத்தனை பேர் சேர்ப்பது? அவர்கள் வந்தால் இங்குள்ளவனின் இடம் என்னாவது? இரு பக்கமும் நியாயம் உண்டு. வென்றால் போதும் என்கிறார் சாரதி. எங்கள் பையன்களுக்கு அப்போ எப்ப வாய்ப்பு என்கிறான் அந்த இளைஞன்.

அவன் கேட்பதில் வலி இருக்கிறது. இத்தனை பட்டியல்களில் எங்கள் தோட்டங்களைச் சேர்ந்த ஒரு பெயரை நாங்களே ஒரு தடவையாவது எழுதவில்லை. 2019 ஆரம்பத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய் என்று ஒப்பந்தமானது. ஒரு சோடி பூட்சுக்கு எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும் என்பதைப் பையன்களை விட அவர்களின் தாய்மாரே நன்கு அறிவார்கள். சாதாரண தரப் பரீட்சையோடு கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவன், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் ஆடுகிறவனாக முடிந்துவிடுகிறான். அவனை வேண்டாமென்று யாரும் வெட்டவில்லை. வெட்டுவதற்கு முதலில் எழுதப்பட வேண்டும்.

பாடசாலை அணியைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் உண்டு. ரொட்டிக் கடையில் கண்டதை நான் அங்கே கடைப்பிடிக்கிறேன். பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டுப் போவதில்லை. மைதானத்தில் எல்லோரையும் இருத்தி, பெயர்களை வாசித்து, விடுபட்ட ஒவ்வொருவனுக்கும் காரணத்தை மற்றவர்கள் முன்னிலையில் சொல்கிறேன். தமிழ்ப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ, காரணம் காலைப் பற்றியும் பந்தைப் பற்றியும் மட்டுமே இருக்கும். மறுத்துப் பேச எவனுக்கும் உரிமை உண்டு.

கடந்த முறை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழும்பி, "சேர், நான் இடதுகால்காரன். உங்க லிஸ்டில இடதுகால்காரன் ஒருத்தனும் இல்ல" என்றான். பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். பின்பு மற்றவர்களிடம், அவன் சொல்வதற்கு யாருக்காவது பதில் இருக்கிறதா என்று கேட்டேன். நாலைந்து கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன.