தோட்டத்துக்கு ஏற்ற நாய் எது?

போத்தனூரில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் அவர் மனைவியும், கைவிடப்பட்ட நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கிறார்கள். சம்பளம் இல்லாத வேலை. செட்டிபாளையம், கிணத்துக்கடவு, மதுக்கரை பக்கமிருந்தெல்லாம் போன் வரும். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ராஜபாளையம் குட்டி ஏதாச்சும் இருக்குங்களா?"

பெரியவர் உடனே பதில் சொல்வதில்லை. தோட்டம் எத்தனை ஏக்கர், வேலி இருக்கிறதா, பட்டியில் எத்தனை ஆடு, வீட்டில் சின்னக் குழந்தை உண்டா, பகலில் சாளையில் யார் இருப்பார்கள் என்று எதிர்க்கேள்வி கேட்பார். பெண் கொடுக்கிற மாதிரி விசாரிக்கிறாரே என்று சிலர் அலுத்துக்கொள்வதுண்டு. ஆனால் அந்த விசாரணை அவசியமானது. ராஜபாளையம் 2005-ல் தபால்தலையில் இடம்பெற்ற பெருமைக்குரிய இனம்தான். வேட்டைக்காக வளர்ந்த நாய் அது. ஓட இடம் வேண்டும். ஒருவரிடம்தான் அதிகம் ஒட்டும். சிப்பிப்பாறையும் முயல் விரட்டிப் பழகிய இனம். கண்ணெதிரே எது ஓடினாலும் துரத்தத் தோன்றும், ஆட்டுக்குட்டி உட்பட.

வெள்ளகோவில், காங்கயம் பக்கம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், செத்த ஆடுகளோடு விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபம் நியாயமானது. அதனால்தான் ஆடு வைத்திருப்பவருக்கு வளர்ந்த நாயைத் தர இவர்கள் யோசிக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட நாட்டுக்குட்டியைக் கொடுத்து, பட்டிக்குப் பக்கத்திலேயே வளர்க்கச் சொல்கிறார்கள். ஆட்டோடு வளர்ந்த குட்டி பெரும்பாலும் ஆட்டைத் துரத்தாது. இனப்பெயர் இல்லாத நாட்டு நாய் நம் வெயிலுக்கும் உண்ணிக்கும் தாங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

டெரியர் கதை வேறு. லத்தீனில் மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. எலியையும் நரியையும் வளைக்குள் புகுந்து விரட்ட இங்கிலாந்தில் வளர்த்த நாய். கோவையில் அடுக்குமாடி வீட்டுக்கு ஆசையாக வாங்கி வருகிறார்கள். அது சோபாவைத் தோண்டும், நாள் முழுக்கக் குலைக்கும். அலுத்துப்போனதும் வெள்ளலூர் ரோட்டில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். அப்படிக் கிடந்த ஒன்றைக் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் கொடுத்தார்கள். தேங்காய்க் களத்தில் எலித் தொல்லை. நாய்க்கும் அதுதான் பிடித்த வேலை. ஒரே நிபந்தனை: களத்திலிருந்து எலி மருந்தை எடுத்துவிட வேண்டும். ஜிங்க் பாஸ்பைடு தின்ற எலியை நாய் தின்றால் நாய்க்கும் ஆபத்து வரலாம். முதலில் தோட்டக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது இல்லாம எப்படிங்க?" என்றார். வேறு நாய் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா எழுந்துவிட்டார். பத்து நாள் கழித்து, மருந்தை ஒழித்துவிட்டேன் என்று அவரே போன் செய்தார்.

கொடுத்த பிறகுதான் பாதி வேலை. மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் அந்த அம்மா கூப்பிட்டு விசாரிப்பார். முதல் வாரம் நீளக் கயிற்றில் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் பழைய இடம் தேடி ஓடிவிடும். வெறும் மோர்ச்சோறு போதாது, முட்டையோ வேகவைத்த ஈரலோ சேருங்கள். அறுத்த ஆட்டின் நுரையீரல், ஈரலில் நீர்க்கட்டி இருந்தால் பச்சையாகப் போடாதீர்கள். அதிலிருந்து நாய்க்கு நாடாப்புழு தொற்றும், நாயின் சாணத்தில் வரும் முட்டை மறுபடி ஆட்டுக்கும் மனிதனுக்கும் போகும். உண்ணிக்கு, பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் கரைத்து ஊற்றாதீர்கள். இந்தக் கடைசிப் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சரியான மருந்து எழுதித் தருவார்கள்.

வெறிநாய்க்கடி ஊசியை மூன்று மாதத்தில் போட்டு, ஒரு மாதத்துக்குள் மறு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டி இலவச முகாம் நடத்துவது வழக்கம், விசாரித்துக்கொள்ளுங்கள். கருத்தடையும் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஈற்றுக்குட்டிகள் யாருடைய பட்டிக்குப் போகும் என்று சொல்ல முடியாது. கோவையில் ஹியூமேன் அனிமல் சொசைட்டி பல ஆண்டுகளாகத் தெருநாய்க் கருத்தடை வேலையைச் செய்துவருகிறது. அதை நடத்தும் மினி வாசுதேவன் நாரி சக்தி விருது பெற்றவர்.

நாயைக் கூட்டிப்போகும் எல்லோரிடமும் பெரியவர் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார். சட்டப் பத்திரமெல்லாம் இல்லை, நோட்டுத்தாள்தான். ஒத்துவராவிட்டால் ரோட்டில் விடாமல் போத்தனூருக்கே கொண்டுவந்துவிட வேண்டும், எந்த நேரமானாலும் வாங்கிக்கொள்வோம் என்று அதில் எழுதியிருக்கும்.