தேயிலைக்குள் ஒரு ரோஜா

முலுண்ட் மேற்கில் நான் தேயிலை வாங்கும் கடையில், அசாம் தூள் டப்பாக்களுக்கு நடுவே காய்ந்த ரோஜா இதழ் கலந்த கறுப்புத் தேயிலையும் இப்போது கிடைக்கிறது. வாங்கி வந்து பால் சேர்க்காமல் போட்டுக் குடித்தேன். உதட்டருகே கொண்டுபோகும்போது ரோஜா மணத்தது. விழுங்கியதும் அது மறைந்து, தேயிலையின் துவர்ப்பு மட்டும் நாக்கில் நின்றது. பூவுக்கும் இலைக்கும் ஒட்டே இல்லை. இவை இரண்டையும் முதன்முதலில் சேர்த்தவர்கள் யார், அவர்கள் கையில் இது எப்படி ருசித்திருக்கும் என்ற கேள்வி அன்று பிடித்துக்கொண்டது.

ரோஜாவும் தேநீரும் என்றதும் மும்பைக்காரர்களின் மனம் ஈரானுக்குத்தான் போகும். நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். தேயிலையோடு ரோஜா மொட்டையும் போட்டு ஊறவைப்பது ஈரானில் இன்று சாதாரணப் பழக்கம். காஷானுக்குப் பக்கத்தில் கம்சரில் பன்னீர் வடிப்பது பல நூற்றாண்டுத் தொழில். ஆனால் நம் நகரத்து ஈரானி ஹோட்டல்களில் கிடைப்பது பால் தேநீர். ஈரான் வழிவந்த பார்சிகளின் வீட்டுத் தேநீரில் விழுவது புதினாவும் எலுமிச்சைப் புல்லும். ரோஜா அவர்களிடமும் உண்டு, கல்யாணத்தில் தெளிக்கும் பன்னீராக. நம் வீட்டுக் கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பு இருப்பது போலத்தான் அதுவும். தேநீருக்குள் அது இறங்கவில்லை.

ஈரானிலேயே தேயிலைத் தோட்டம் பிந்தி வந்ததுதான். பிரிட்டிஷ் இந்தியாவில் ஈரானின் தூதராக இருந்த காஷெஃப் அல் சல்தானே, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் காங்ராவிலிருந்து செடிகளைக் கொண்டுபோய் லாஹிஜானில் நட்டார். அந்தக் காங்ராவில் தேயிலை வேர்விட்டதே 1849 வாக்கில்தான். அங்கே நட்டவை சீனச் செடிகள். ஈரானைத் தேடிப் போன என்னை அது இமயமலை அடிவாரத்துக்கு அனுப்பியது. அடிவாரமோ சீனத்தைக் கைகாட்டியது.

சீனத்துக்குப் போகுமுன் முகலாயர்களையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. நூர்ஜஹானின் தாயார், சூடான பன்னீரின் மேல் மிதந்த எண்ணெய்ப் படலத்தை வழித்தெடுத்து அத்தரைக் கண்டதாக ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதற்கு ‘இத்ர்-இ-ஜஹாங்கீரி’ என்று பெயர் வைத்தவர் அக்பரின் மனைவியரில் ஒருவரான சலீமா சுல்தான் பேகம். கன்னோஜில் இன்றும் செம்பு அண்டாவின் வாயைக் களிமண்ணால் அடைத்து, மூங்கில் குழாய் வழியே ரோஜா ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். அந்த அத்தரை முகமது அலி சாலைக் கடைகளில் வாங்கலாம். மணிக்கட்டில் தடவிக்கொள்ள அதைப்போல ஒன்று இல்லை. ஆனால் அது குடிக்கிற பொருள் அல்ல. தேநீரைப் பொறுத்தவரை, 1689இல் சூரத்துக்கு வந்த ஆங்கிலப் பாதிரியார் ஜான் ஓவிங்டனின் குறிப்பு இருக்கிறது. மசாலா, கற்கண்டு, பதப்படுத்திய சிறு எலுமிச்சை ஆகியவற்றைத் தேநீரோடு சேர்த்ததாக அவர் சொல்கிறார். அந்தப் பட்டியலில் ரோஜா இல்லை.

விடை சீனத்தில்தான் இருந்தது, அதுவும் தெளிவாக. மிங் காலத்து கூ யுவான்சிங் 1541இல் பதிப்பித்த ‘சா பூ’ என்ற தேயிலை நூல், தேயிலைக்கு மணம் ஏற்றத் தகுந்த பூக்களைப் பட்டியலிடுகிறது. மல்லிகை இருக்கிறது, ஆரஞ்சுப் பூ இருக்கிறது, ரோஜாவும் இருக்கிறது. அளவும் சொல்லியிருக்கிறார்: மூன்று பங்கு இலைக்கு ஒரு பங்கு பூ. பூ மிகுந்தால் இலையின் குணம் கெடும், குறைந்தால் மணம் ஏறாது. ஜாடியில் ஒரு அடுக்கு தேயிலை, ஒரு அடுக்கு பூ என்று நிரப்பி, வாயைக் கட்டி, சூடேற்றி, பிறகு தணலில் உலர்த்த வேண்டும். நான் வாங்கிய பொட்டலத்தின் குறை இதைப் படித்ததும் புரிந்தது. அதில் பூ இலையோடு கலந்து கிடந்தது, இலைக்குள் ஏறவே இல்லை.

அது பச்சைத் தேயிலைக் காலம். கறுப்புத் தேயிலை வூயி மலைகளில் உருவானது அதற்கும் பிறகு, 17ஆம் நூற்றாண்டில். ரோஜா ஏற்றிய கறுப்புத் தேயிலை இன்று குவாங்டோங் மாகாணத்துச் சரக்காக அறியப்படுகிறது. அதன் தலைநகரம்தான் பழைய கான்டன். சீனத் தேயிலைச் செடிகளை இமயமலைக்குக் கடத்தி வந்த ராபர்ட் ஃபார்ச்சூன், கான்டனில் பூமணம் ஏற்றும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்து, 1857இல் வெளிவந்த நூலில் எழுதினார். நன்றாக உலர்ந்த தேயிலையோடு விரிந்த புதுப் பூவைக் கலந்து ஒரு நாள் முழுக்க விட்டுவைத்து, பூவைச் சலித்து எடுத்துவிடுவார்கள். அவர் தந்த பூப் பட்டியலிலும் ரோஜா உண்டு.

கான்டன் என்ற பெயர் வந்ததும் தேடல் மும்பைக்கே திரும்பிவிட்டது. இந்த நகரத்துப் பார்சி வணிகர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே அங்கே கடை விரித்தவர்கள். ஜே.ஜே. மருத்துவமனைக்குப் பெயர் தந்த ஜாம்செட்ஜி ஜீஜீபாய் முதல் தடவை சீனத்துக்குக் கப்பலேறியது 1799இல். இங்கிருந்து பருத்தியும் அபினியும் போயின. அங்கிருந்து பட்டும் தேயிலையும் வந்தன. அபினி விற்ற காசில் நகரத்தின் எத்தனை கட்டடங்கள் எழுந்தன என்பதை இந்தத் தேநீரைக் குடிக்கும்போது என்னால் மறக்க முடியவில்லை.

அதே கான்டனில் இருந்த ஒரு நாற்றுப் பண்ணையிலிருந்து 1809இல் ஒரு ரோஜாச் செடி இங்கிலாந்துக்குப் போனது. அதன் பூ தேயிலைப் பெட்டியைத் திறந்ததுபோல மணத்ததாகச் சொல்லி, அந்த இனத்துக்கே தேயிலை ரோஜா என்று பெயர் வைத்தார்கள். தாதர் பூ மார்க்கெட்டில் நீளக் காம்போடு கட்டுக்கட்டாக விற்கும் ரோஜாவில் ஓடுவது அந்த வம்சம்தான். அழகான பூ, ஆனால் அதன் மணம் பெரும்பாலும் போய்விட்டது. நமக்கு வேண்டியது பன்னீர் ரோஜா. மராத்தியில் காவ்டி குலாப் என்பார்கள்.

அதைத் தேடி மாட்டுங்கா போனேன். முலுண்டிலிருந்து ஸ்லோ ரயில் பிடித்தால் சயானை அடுத்து மாட்டுங்கா. அங்கே பூக்கட்டும் தமிழ் அம்மாவிடம் தேநீருக்குக் கால் கிலோ வேண்டும் என்றேன். அவர் நாரைக் கீழே வைத்துவிட்டார்.

“இது மாலைக்கு வாற பூவு தம்பி. மருந்தடிச்சுத்தான் வரும். இதப் போயி டீயில போடுவியளா?”

“கழுவிட்டுப் போட்டா?”

“கழுவினா மட்டும் போயிருமா? வீட்டுல ஒரு செடி வையிங்க.”

அவர் விற்க மறுத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். பால்கனியில் தொட்டி வைத்தேன். பூத்த பிறகு, மிங் நூல் சொன்னபடி எவர்சில்வர் டப்பாவில் நீலகிரி இலையும் இதழும் அடுக்கி ஒரு ராத்திரி மூடிவைத்து, காலையில் இதழை எடுத்துவிட்டு, இலையை வாணலியில் மிக மெல்லிய சூட்டில் உலர்த்தினேன். அந்தத் தேநீரில் ரோஜா விழுங்கிய பிறகும் தொண்டையில் தங்கியது. மும்பையின் மழை மாதங்களில் மட்டும் இதைச் செய்யக் கூடாது, இலை ஈரம் இழுத்துக்கொள்ளும்.

ரோஜா அப்படித் தங்குவதற்கான காரணம் இலையிலேயே இருக்கிறது. இந்தத் தேடலில் என்னை அதிகம் அசைத்தது இதுதான். ரோஜாவுக்கு மணம் தரும் ஜெரானியால், ஃபினைல் எத்தில் ஆல்கஹால் போன்றவை தேயிலைக் கொழுந்திலும் உண்டு. பச்சை இலையில் அவை சர்க்கரையோடு பிணைந்து மணமின்றிக் கிடக்கும். கொழுந்தை வாட்டி உருட்டும்போது இலையின் நொதிகள் அந்தப் பிணைப்பை அறுக்கின்றன, மணம் விடுபடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைப் படிப்படியாக நிறுவினார்கள். அசாம் வகையில் லினலூல் என்ற இன்னொரு மணப்பொருள் ஓங்கியிருக்கும், சீன வகையில் ஜெரானியால் ஓங்கியிருக்கும் என்று 1980களில் காட்டியவர் டகேயோ. டார்ஜிலிங்கிலும் சீனத்துக் கீமுன் தேயிலையிலும் பூவே சேர்க்காமல் ரோஜா மணப்பது இதனால்தான். நீலகிரியின் உயரமான தோட்டங்களிலும் சீன வகைப் பழஞ்செடிகள் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனியில் மெதுவாக வளரும் கொழுந்தில் பூமணம் கூடுதல். ரோஜாவைச் சேர்த்த பழைய சீனர்கள், இலையில் இருப்பதைத்தான் பூவால் தூக்கிக் காட்டினார்கள்.

ஆகவே தெருமுனைக் கட்டிங் சாய்க்கு ஏற்ற சி.டி.சி. தூளில் ரோஜா போடுவது வீண். அந்தத் தூளின் கடுமைக்கும் பாலுக்கும் முன்னால் பூ நிற்காது. உருண்டு நீண்ட ஆர்தடாக்ஸ் இலை வேண்டும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, 200 மில்லிக்கு மூன்று கிராம் இலை போட்டு மூடுங்கள். இரண்டு நிமிடம் கழித்துக் காய்ந்த இதழில் ஒரு கிராம் சேர்த்து மறுபடி மூடி, இன்னும் இரண்டு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். மூடாவிட்டால் மணம் ஆவியோடு போகும். இதழைக் கொதிக்கவிட்டால் அதன் துவர்ப்பும் இறங்கி வாயைப் பிடிக்கும். ஃபினைல் எத்தில் ஆல்கஹால் தண்ணீரில் நன்றாகக் கரைவதால் இந்தக் குறைந்த நேரமே போதும். பன்னீரில் மணம் நிற்பதற்கும் அதுவே காரணம்.

இதழ் வாங்குவதாயிருந்தால் சமையலுக்கென்று விற்பதை வாங்குங்கள், மாலைப் பூவை உலர்த்தாதீர்கள். அதற்கும் முன்னால், நல்ல நீலகிரிக் குளிர்கால இலை கிடைத்தால் ஒரு தடவை பூவே போடாமல் ஊறவைத்துக் குடித்துப் பாருங்கள். அதிலேயே ரோஜா தெரிந்தால் இதழுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.