புளியரை மேட்டில் ஒரு ரசிகன்

2025 மே 31, சனிக்கிழமை. ராத்திரி ஒன்பது மணி வாக்கில் தென்காசியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எனக்கும் என் அக்கா மகனுக்கும் பெரிய வாக்குவாதம். பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "சொத்துத் தகராறாய்யா?" என்று கேட்டார். சொத்து இல்லை, சைக்கிள். இத்தாலியில் ஒரு மலையில் அரைமணி நேரத்துக்கு முன் நடந்த காரியத்துக்காக நாங்கள் இங்கே கத்திக்கொண்டிருந்தோம்.

ஜிரோ த இத்தாலியா மூன்று வாரப் பந்தயம். 21 கட்டங்கள். ஒவ்வொரு நாளும் ஓடிய நேரத்தைக் கூட்டி, யாருக்கு மொத்தம் குறைவோ அவருக்கு ரோஸ் நிறச் சட்டை. அன்று 20-ஆவது கட்டம், கடைசி மலைக்கட்டம். காலையில் அந்தச் சட்டை மெக்சிகோ பையன் ஐசக் டெல் டோரோ உடம்பில் இருந்தது. வயது 21. அவருக்கு 43 விநாடி பின்னால் ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸ், 1 நிமிடம் 21 விநாடி பின்னால் இங்கிலாந்தின் சைமன் யேட்ஸ். மலையின் பெயர் கோலே டெல்லே ஃபினெஸ்ட்ரே. பதினெட்டரை கிலோமீட்டர் ஏற்றம். நூறு மீட்டர் போனால் சராசரியாக ஒன்பது மீட்டர் உயரும். கடைசி எட்டு கிலோமீட்டருக்குத் தார் கிடையாது, சரளை மண். உச்சி 2,178 மீட்டர்.

அந்த ஏற்றத்தில் யேட்ஸ் கிளம்பினார். டெல் டோரோ கரபாஸைப் பார்த்தார், கரபாஸ் டெல் டோரோவைப் பார்த்தார். நீ துரத்து என்று இவர், நீதானே சட்டை போட்டிருக்கிறாய், நீ துரத்து என்று அவர். யாரும் துரத்தவில்லை. இதற்குள் யேட்ஸின் அணிக்காரர் வவுட் வான் ஆர்ட், காலையிலேயே முன்னால் போய்விட்டவர், மலைக்கு அந்தப் பக்கம் காத்திருந்து அவரைச் சேர்த்துக்கொண்டார். பள்ளத்தாக்கில் காற்றைத் தன் நெஞ்சில் வாங்கி இழுத்துக்கொண்டு போனார். செஸ்ட்ரியேரேயில் கோட்டைத் தொடும்போது அந்த இரண்டு பேரையும்விட யேட்ஸ் ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்னால். 1 நிமிடம் 21 விநாடி பின்தங்கியிருந்தவர் 3 நிமிடம் 56 விநாடி முன்னிலைக்கு வந்துவிட்டார்.

நான் அழுதுவிட்டேன். 2018-இல் இதே யேட்ஸ் பதின்மூன்று நாள் ரோஸ் சட்டை போட்டிருந்து, இதே ஃபினெஸ்ட்ரே வழியாகப் போன கட்டத்தில் 38 நிமிடத்துக்கு மேல் இழந்து நொறுங்கியதையும் பார்த்தவன் நான். அன்று கிறிஸ் ஃபுரூம் இதே ஏற்றத்தில் கிளம்பி எண்பது கிலோமீட்டர் தனியாக ஓட்டிப் பந்தயத்தையே பிடுங்கிக்கொண்டார். ஏழு வருஷம் கழித்து அதே மலை, அதே ஆள். கோட்டைத் தாண்டியதும் யேட்ஸும் முகத்தைப் பொத்தி அழுதார்.

அக்கா மகனுக்கு யேட்ஸ் கண்ணிலேயே படவில்லை. "ரெண்டு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டே பந்தயத்தத் தூக்கிக் குடுத்துட்டாவ மாமா. இவனுவள்லாம் வீரனுவளா?" என்று குதித்தான். அவனுக்கு டெல் டோரோ வயசு. தான் தோற்ற மாதிரி கோபம். நானும் சும்மா இருக்கவில்லை. சின்னப் பையனைக் குறை சொல்லாதே, கரபாஸ் செய்ததுதான் வஞ்சகம், தான் ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை, இவன் ஜெயிக்கக்கூடாது என்று நின்றுவிட்டான் என்றேன். உலகம் முழுக்க ரசிகர்கள் அன்று ராத்திரி இப்படித்தான் இரண்டு கட்சியாக நின்று அடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். கடைசியில் அக்காதான் வந்து, "காலையில ரெண்டு பேரும் சைக்கிள எடுத்துட்டுப் போங்க, மலையில போய்ச் சண்டை போடுங்க" என்று விளக்கை அணைத்தாள்.

போனோம். தென்காசியிலிருந்து கொல்லம் வரைக்கும், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். திருமங்கலத்தில் தொடங்கும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மலை தாண்டும் பாதி.

காசி விஸ்வநாதர் கோயில் கோபுரத்தடியில் ஐந்தரை மணிக்கு நின்றோம். பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். சிதைந்து கிடந்த ராஜகோபுரம் திரும்ப எழுந்து குடமுழுக்குக் கண்டது 1990-இல். அந்தக் கோபுர வாசலில் நுழைந்தவர்களுக்கு அங்கே அடிக்கும் காற்று தெரியும். வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவுப் பக்கம் ஒரு கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் காற்று அதற்குள் புகுந்து இந்தப் பக்கம் கொட்டும். எங்களுக்குச் சாரல் கொண்டுவருவது அது. மேற்கே போகிற சைக்கிள்காரனுக்கு எதிரி அது. அந்த வருஷம் பருவமழை மே 24-ஆம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டது. ஜூன் முதல் தேதி காலையில் காற்று வலுத்திருந்தது.

நேரே செங்கோட்டை போயிருக்கலாம். குற்றாலத்துக்கு ஐந்து கிலோமீட்டர்தானே என்று திரும்பினோம். பேரருவிச் சத்தம் கடைவீதியிலேயே கேட்டது. பொங்குமாங்கடலில் விழுந்து, கொதித்து, வழிந்து இறங்குகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அந்த நேரத்திலேயே நூறு பேர் நின்றார்கள். யாரும் யாரிடமும் பேசவில்லை. தண்ணீர் கொஞ்சம் கூடி விழும்போது மட்டும் எல்லார் வாயிலிருந்தும் ஒரே சமயத்தில் "ஓ" என்று வரும். மலைக்கட்டங்களில் கடைசி வளைவில் கேட்கிற கூட்டத்தின் சத்தம் இதேதான். பார்க்கிறவனை அறியாமல் வருகிற சத்தம்.

குற்றாலம் வந்தால் எனக்கு டி.கே.சி. நினைவு வராமல் போகாது. சிதம்பரநாத முதலியார். இந்த ஊரில் வாழ்ந்து 1954-இல் மறைந்தார். காவியம் எழுதியதற்காக அவரை யாரும் கொண்டாடவில்லை. ரசித்தார், ரசிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்காகவே தமிழ்நாடு அவருக்கு 'ரசிகமணி' என்று பேர் வைத்தது. ரசிகன் என்றால் வேலையற்றவன் என்று நினைக்கிற உலகத்தில், ரசிகனுக்கும் ஒரு மகுடம் உண்டு என்று சொன்ன ஊர் இது. ஒரு பாட்டை எடுத்தால் அதன் தாளமும் உணர்ச்சியும் கேட்கிறவருக்குள் இறங்கும்வரை அவர் விடமாட்டார் என்று சொல்வார்கள். முதல் தடவை கேட்டதும் தீர்ப்புச் சொல்வது ரசனை ஆகாது. முந்தின ராத்திரி நாங்கள் செய்தது அதைத்தான். அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அது எனக்கு உறுத்தியது, ஆனால் மருமகனிடம் சொல்லவில்லை.

இலஞ்சி வழியாக மறுபடி பெரிய ரோட்டுக்கு வந்தோம். பிரானூர். இந்த இடத்துக்கு இன்னும் 'பார்டர்' என்றுதான் பேர். சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூருக்கும் இங்கேதான் எல்லை இருந்தது. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் எல்லை மலைமேல் போய்விட்டது, பேர் மட்டும் பரோட்டாக் கடைகளில் தங்கிவிட்டது. வெளியூரிலிருந்து நாட்டுக்கோழிக்கும் காடைக்கும் இங்கே வந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பேரின் காரணம் தெரியுமோ. காலையில் கடை திறக்கவில்லை. செங்கோட்டை நுழைவு வளைவில் இருக்கும் திருவிதாங்கூர்ச் சங்கை நிமிர்ந்து பார்த்தபடி ஊரைத் தாண்டினோம்.

செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவே இரண்டு பக்கமும் வயல். மலை நேரே எதிரில். இந்த ஆறு கிலோமீட்டரில்தான் காற்று எங்களைப் பிடித்தது. முன்னால் போகிறவன் காற்றைக் கிழிப்பான், பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவனுக்குப் பாரம் பாதி குறையும். பின்சக்கரத்துக்கு ஒரு முழம் இடைவெளி விட்டுப் போனால் யாரோ கையைப் பிடித்து இழுத்துப் போகிற மாதிரி இருக்கும். பக்கவாட்டில் ஒதுங்கினால் அந்தக் கணமே காற்று முகத்தில் அறையும். வான் ஆர்ட் பள்ளத்தாக்கில் யேட்ஸுக்குக் கொடுத்த உதவி இதுதான். அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கொடுக்க மறுத்ததும் இதுதான். நானும் மருமகனும் முறை வைத்து மாறிக்கொண்டோம். அவன் முறை வரும்போது நீளமாக ஓட்டினான். என் முறை வர வர நான் சீக்கிரம் ஒதுங்கினேன்.

புளியரை சோதனைச்சாவடி தாண்டியதும் ஏற்றம். ஃபினெஸ்ட்ரேயோடு ஒப்பிட்டால் இது ஒரு திண்ணைப்படி. நீலகிரியில் மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகளோடு ஒப்பிட்டாலும் சின்னது. ஆனாலும் ஐம்பது தாண்டிய முழங்காலுக்கு மேடு மேடுதான். லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும். எஸ் வளைவில் இரண்டு லாரி எதிரெதிரே வந்துவிட்டால் சைக்கிள்காரன் ஓரத்து மண்ணில் இறங்கி நிற்க வேண்டியதுதான். பாறையில் தண்ணீர் கசிந்து ரோட்டுக்குக் குறுக்கே ஓடும்.

எஸ் வளைவுக்குக் கொஞ்சம் கீழே மருமகன் திரும்பி என்னைப் பார்த்தான். அவ்வளவுதான், ஒரே ஒரு பார்வை. எனக்குப் பேச மூச்சு இல்லை. வாயைத் திறந்தால் இறங்கிவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் கண்ணையே பார்த்தபடி மிதித்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகத்தைக் குறைத்தான். ஏன் குறைத்தான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நின்றிருந்த லாரியிலிருந்து கிளீனர் பையன் கையைத் தட்டினான். "மிதிங்க அண்ணாச்சி, விட்ராதீய! இந்தா, அடுத்த வளைவோட முடிஞ்சிரும்!" முடியாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொய்யில் இருபது மிதி மிதித்தேன். அடுத்த வளைவில் தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர், நடந்து ஏறிக்கொண்டிருந்தவர், ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளங்கையை என் முதுகில் வைத்து நாலு எட்டு தள்ளிவிட்டார். நனைந்த சட்டைக்குள்ளே அந்தக் கையின் சூடு தெரிந்தது. இப்படித் தள்ளிவிடுவதைத் தொழில்முறைப் பந்தயத்தில் அனுமதிக்க மாட்டார்கள், அபராதம் உண்டு. அந்த விதி எதற்கு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கையை நான் மறக்கப்போவதில்லை.

வேறு எந்த விளையாட்டிலும் ரசிகனுக்கு இந்த நெருக்கம் கிடையாது. டிக்கெட் இல்லை, கம்பிவேலி இல்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் மூச்சு வாங்குகிறவன் போகிறான். அதனால்தான் கேடும் வரும். 1975-இல் டூர் த பிரான்ஸ் பந்தயத்தில், புய் தெ டோம் மலையில் முன்னணி வீரர் எடி மெர்க்ஸைக் கூட்டத்தில் ஒருவன் வயிற்றில் குத்தினான். 2016-இல் அதே பந்தயத்தில், மோன் வென்டூவில் கூட்டம் ரோட்டை அடைத்து, மோட்டார் பைக் நின்று, ஃபுரூம் விழுந்து சைக்கிள் உடைய, முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையோடு மலையில் கால்நடையாக ஓடினார். ஆனால் ஒவ்வொரு வருஷமும் நாலைந்து நாள் முன்பே மலைமேல் போய்க் கூடாரம் போட்டு, ஒரு நிமிஷம் கடந்துபோகிறவர்களுக்காகக் குளிரில் கிடக்கிறவர்களும் அதே கூட்டம்தான். அவர்கள் ஒரு ஆளுக்காக மட்டும் கத்துவதில்லை. எல்லாரும் போய்க் கடைசி ஆள் தள்ளாடி வரும்போதும் கத்துகிறார்கள்.

கோட்டைவாசல் கருப்பசாமி கோயிலில் இறங்கினோம். இதுதான் இப்போது எல்லை. லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் கணவாயைத் தாண்டுவார்கள். நாங்களும் கும்பிட்டுத் திண்டில் உட்கார்ந்தோம். மூச்சு வந்ததும் கேட்டேன், ஏன்டா அங்கே வேகத்தைக் குறைத்தாய் என்று.

"உங்க மூஞ்சியப் பாத்தேன் மாமா. கல்லு மாதிரி இருந்துச்சு. நல்ல தெம்பா இருக்கீய, நான் தீந்து போனதும் தாண்டப்போறீயன்னு நெனச்சு, கொஞ்சம் மிச்சம் புடிச்சேன்."

எனக்கு அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தெம்பு கிடையாது. அவன் இன்னும் பத்து மிதி அழுத்தியிருந்தால் நான் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பேன். அதைச் சொன்னேன். மருமகன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தான். திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. யேட்ஸ் எத்தனை விநாடி முன்னால், அடுத்த வளைவு எத்தனை தூரம், வான் ஆர்ட் எங்கே. அந்த இரண்டு பேருக்கும் கண்ணுக்கு எதிரே இருந்தது ஒரு முகம். பத்தொன்பது நாள் களைப்புக்கு மேல், அடுத்தவன் காலில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதை அந்த முகத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும். அந்த முகம் பொய் சொல்லவும் பழகிய முகம். நேற்று நான் கரபாஸை வஞ்சகன் என்றேன். அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் இறக்கம். ஆரியங்காவு ஐயப்பன் கோயில், பாலருவிக்குத் திரும்பும் பாதை, கழுதுருட்டியில் ரோட்டை ஒட்டி நிற்கும் பதிமூன்று கண் பாலம். 1904-இல் மீட்டர் கேஜ் ரயில் இந்த மலையைக் கடந்தது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-இல் நிறுத்தி, 2018-இல் முழுத்தடமும் திரும்ப ஓடத் தொடங்கியது. ஏறும்போது ஒவ்வொரு கல்லும் கணக்கில் இருந்தது, இறங்கும்போது தென்மலையும் புனலூர்த் தூக்குப்பாலமும் ஒரே மூச்சில் போய்விட்டன. புனலூருக்கு அப்புறம் ரப்பர் மரமும் வீடும் கடையுமாக ஒரே நெரிசல். கொல்லம் வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

இருட்டிய பிறகு ஒரு டீக்கடையில் மருமகன் போனை எடுத்தான். ரோமில் கடைசிக் கட்டம். வீரர்கள் வத்திக்கான் வழியாகப் போகிறார்கள், போப் பதினான்காம் லியோ வந்து அவர்களைப் பார்க்கிறார். ரோஸ் சட்டையில் யேட்ஸ். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகன் திரையில் வேறு யாரையோ தேடினான். இளம் வீரருக்கான வெள்ளைச் சட்டையில் டெல் டோரோ தெரிந்ததும் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"தூங்கியிருக்க மாட்டான் மாமா," என்றான். டீ ஆறிப்போயிருந்தது. கடைக்காரரிடம் இன்னொன்று போடச் சொன்னேன்.